பம்படி எருக்கு

மாத்தூரில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், வண்டி நிறுத்துகிற இடத்தை ஒட்டி ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள். ரோஜா, குரோட்டன்ஸ் எதுவும் கிடையாது. தும்பை, துத்தி, ஆவாரை, சங்குப்பூ என்று நாம் மிதித்து நடந்த செடிகளாகப் பார்த்து நட்டு, பட்டாம்பூச்சிகளுக்கும் குருவிகளுக்குமான தோட்டம் என்று பலகையும் மாட்டியாகிவிட்டது. நட்டநடுவில், சுற்றிலும் கூழாங்கல் பதித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு எருக்கஞ்செடி. நர்சரியில் சொல்லிவைத்து வரவழைத்தார்களாம். வாட்ச்மேன் குழாயைப் பிடித்து அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “தம்பி, இவ்ளோ ஊத்துனா வேர் அழுவிடும்பா” என்றேன். “செக்ரட்டரி சொல்லிக்கீறாரும்மா, இன்னா பண்ண சொல்றீங்க?” என்றார்.

நம் செட்டு ஆட்களே, மூட்டுக்குத் தைலம் தேய்த்தபடி இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா இல்லையா? நம் காலத்தில் எருக்கு என்றால் தண்டவாளத்தோரம், சுடுகாட்டு மதில் ஓரம், ஓடு சரிந்த கோடவுன் ஓரம். அது குடித்தனக்காரர் வாசலில் தலைநீட்டினால் குடும்பமே சிதறிப்போகும் என்று விளக்குமாற்றோடு ஓடிவருவார்கள். அப்படிப்பட்ட செடியை ஒருத்தி வேண்டுமென்றே வளர்த்தாள். வெட்டுகிறேன் என்று வந்தவர்களிடமிருந்து காப்பாற்றவும் செய்தாள். அவள் என் சின்னம்மா.

டோல்கேட்டிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு சந்தில் எங்கள் காம்பவுண்டு. எதிரும் புதிருமாக ஓட்டு ரூம்கள், நடுவில் ஒரு நடை, நடையின் கோடியில் அடிபம்பு. பம்பின் கைப்பிடி இறங்கும்போது ஒரு முனகல், ஏறும்போது ஒரு கீச்சு. அந்தச் சத்தத்தை வைத்தே யார் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். தண்ணீரில் உப்பு. காற்றில் கரித்தூள். வடக்கிலிருந்து காற்றடித்தால் மணலி ஃபாக்டரி வாசனை, கிழக்கிலிருந்து அடித்தால் கருவாட்டு வாசனை. எங்கள் அம்மா இரண்டு முழம் துணியைக் காயப்போட்டாலும் வானத்தை மூக்கால் பார்த்துவிட்டுத்தான் போடுவாள்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கல்யாணமாகி வந்த கையோடு பம்பை ஒட்டிய கடைசி ரூமில் குடியேறினாள். சின்னப்பாவுக்கு ஹார்பரில் சரக்கு இறக்குகிற வேலை, சின்னம்மாவுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங். ஷிப்ட் முடிந்து வந்தால் அவள் கையில் மருந்து வாசனை இருக்கும். அந்தக் கையால் கன்னத்தைத் தொட்டால் எனக்குத் தீபாவளி ஞாபகம் வரும். அவள் வாயைத் திறந்தால் தாளிப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி பேச்சு வரும். அவள் சொன்னதையெல்லாம் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு நின்றுபோனது. மீதிப் படிப்பை இப்படி மனிதர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான்.

பம்புக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு மூலை சும்மா கிடந்தது. செங்கல் சல்லி, அடுப்புச் சாம்பல், கடல் மணல், உடைந்த ஓடு எல்லாம் கொட்டிவைத்த இடம். அங்கே பூச்செடி வைக்கட்டுமா என்று சின்னம்மா வீட்டுக்காரம்மாவைக் கேட்டாள். எங்கள் ரூம்களுக்கெல்லாம் சொந்தக்காரர் அவர். முன்பக்கத்து மெத்தை வீட்டில் இருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. அது குலுங்குகிற சத்தம் கேட்டாலே நடையில் கிடக்கிற செருப்புகள் தானாக ஓரம் போகும்.

“வெச்சிக்கோ. ஆனா சாமிக்கு ஆவுற பூவா வை. எம் மவன் அந்த மூலைல ஒரு ரூம் போடணும்னு சொல்லிக்கினு கீறான். போடற வரிக்கும் வெச்சிக்கோ” என்றார்.

சின்னம்மா மல்லி வைத்தாள். மல்லி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டுச் செத்தது. கனகாம்பரம் அத்தனை நாள்கூட இருக்கவில்லை. செம்பருத்தி ஒரே ஒரு மொட்டு விட்டு, அதையும் உதிர்த்துவிட்டு, குச்சியாக நின்றது. உப்புத் தண்ணீருக்கும் சாம்பலுக்கும் அவை என்ன செய்யும்? அந்தச் சமயத்தில்தான் மதில் ஓரம், சல்லிக்கு நடுவில், சாம்பல் பூசின மாதிரி இரண்டு இலை. யாரும் வைக்கவில்லை. காற்றில் வந்த பஞ்சு விதை.

அம்மா அதைப் பிடுங்கக் குனிந்தாள். சின்னம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வுடுக்கா. வராதவங்கள தாஜா பண்ணிக்கினு கீறோம். தானா வந்தவங்கள ஏன் தொரத்தணும்?”

“அடியே, எருக்குடி அது!”

“எருக்குன்னா இன்னா? அதுக்குப் பேரு வெச்சது நாம. அதுக்குத் தெரியுமா, அது எருக்குன்னு?”

அப்புறம் அவள் செய்ததுதான் அதிசயம். அந்தச் செடிக்கு எரு போடவில்லை, தண்ணீரும் அளந்துதான். உடைந்த ஓடுகளைப் பொறுக்கி வட்டமாக நட்டு, உள்ளே கரிச்சல்லியும் மணலும் குவித்து மேடு கட்டினாள். எங்கள் நடையில் மழைக்குக் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும், அது வேருக்குப் போகக் கூடாதாம். செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினாள், பக்கத்தில் கிளை விடட்டும் என்று. கிள்ளிய இடத்தில் பால் கொட்டியது. அந்தப் பால் கண்ணில் பட்டால் அவ்வளவுதான் என்று பிள்ளைகளை நிறுத்தி வைத்து, தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினாள். பக்கத்தில் தும்பை முளைத்தது, விட்டாள். நாயுருவி முளைத்தது, அதையும் விட்டாள். கீழே விழுந்த இலையைப் பெருக்கக் கூடாது என்றாள், அதற்கடியில் யாரோ குடித்தனம் இருக்கிறார்களாம். சின்னப்பா ஹார்பரில் உடைத்துப் போட்ட மரப்பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து வேலி அடித்தார். அதில் எங்களுக்குத் தெரியாத பாஷையில் நீல எழுத்துகள் இருந்தன. எத்தனையோ கப்பல் மாறி வந்த பலகை, கடைசியில் எங்கள் எருக்குக்குக் காவல் நின்றது.

முதலில் தும்பைப் பூவுக்கு வண்டு வந்தது. கட்டைவிரல் பருமனில் கருகருவென்று, இறக்கையில் ஊதா மினுக்கோடு, ஹார்பர் லாரி மாதிரி உறுமிக்கொண்டு வரும். அப்புறம் ஓணான். அப்புறம் ஒரு தேன்சிட்டு. சின்னம்மா ஒரு மண் சட்டியில் மணலைப் போட்டு ஈரம் பண்ணி வைத்தாள். அதில் பட்டாம்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சும். எங்கள் சந்தில் அதுவரை பறந்து பார்த்ததெல்லாம் கரித்தூளும் காத்தாடியும்தான்.

எருக்கு இடுப்பு உயரம் வந்தபோதுதான் வீட்டுக்காரம்மா கண்ணில் பட்டது. சாவிக்கொத்து குலுங்க வந்தார்.

“இன்னாமே இது? சாமிக்கு ஆவுற பூவ வைடின்னா, எருக்க வெச்சிக்கினு கீற? எம் வூடு இன்னா சுடுகாடா? வெள்ளிக்கெழமைக்குள்ள புடுங்கிடு. இல்லாங்காட்டி செடியோட நீயும் கெளம்பு.”

சின்னம்மா முகம் சுண்டிப்போனது. சின்னப்பா, “ஒரு செடிக்காக வூடு தேடி அலைய முடியுமா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கூடையோடு வந்த பூக்காரம்மா, வேலிக்கு வெளியே நின்று செடியை எட்டிப்பார்த்தார். “எல வெளுப்பா கீதே. வெள்ளெருக்கா இருந்தா? அத்தப் போயி வெட்டலாமா? படா பாவமாச்சே!” என்று சொல்லிவிட்டு, முழம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

போதாதா? ஊதா எருக்கு வீட்டுக்கு ஆகாது, வெள்ளெருக்கு பிள்ளையாருடையது. பூக்கிற வரைக்கும் எதுவென்று யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, ஓட்டு வட்டத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார், அன்றிலிருந்து தினமும். காம்பவுண்டே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. எங்கள் அம்மா மஞ்சள் துணியே கட்டிவிட்டாள். நேற்று வரை பீடை, இன்றைக்குச் சாமி. அந்த மூலையில் எச்சில் துப்பினார் என்று எதிர் ரூம்காரர் ஒருவர் வாங்கிய வசவு இருக்கிறதே, அதை அச்சில் போட முடியாது.

“நல்லா வேர் புடிக்கட்டும். அப்பால தோண்டி எடுத்து, அந்த வேர்ல ஒரு புள்ளையாரு செஞ்சி பூஜ ரூம்ல வெக்கணும்” என்றார் வீட்டுக்காரம்மா. எல்லாரும் பரவசமாகத் தலையாட்டினார்கள்.

சின்னம்மா மட்டும் ஆட்டவில்லை. மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னாள்: “வெள்ளையா பூத்தா வேரோட தோண்டுவாங்க. ஊதாவா பூத்தா அடியோட வெட்டுவாங்க. எந்தக் கலருக்குக்கா நான் வேண்டிக்கறது?”

உங்களுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்போதுதான் புழுக்கள் வந்தன. வெள்ளை, கருப்பு, மஞ்சள் என்று பட்டை பட்டையாக, முதுகில் கருப்புக் கொம்பு வைத்துக்கொண்டு, சர்க்கஸ்காரன் சட்டை போட்ட மாதிரி. இலையை விளிம்பிலிருந்து அறுத்துக்கொண்டே போகும். காதை வைத்துக் கேட்டால் கற்பனையோ என்னவோ, நறுக் நறுக் என்று கேட்கிற மாதிரி இருக்கும். “சாமி செடில பூச்சி வுழுந்திடுச்சி, மருந்து அடிங்க” என்று நடையே கூச்சல் போட்டது. சின்னம்மா குறுக்கே நின்றாள்.

“எல ஓட்டையா இருந்தா, நம்ம வூட்டுக்கு விருந்தாளி வந்து துன்னுட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். எல துளியும் குறையாம கீதுன்னா, அந்த வூட்ல எவனும் கை நனைக்கலன்னு அர்த்தம். எது மரியாத?”

தின்று தீர்த்த புழுக்கள் இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கின. மறுநாள் பார்த்தால் புழுவைக் காணோம். இளம் பச்சை நிறத்தில் ஒரு சிமிழ். அதன் கழுத்தில் வரிசையாகப் பொன் புள்ளிகள். மெய்யான பொன் மாதிரியே மினுங்கும். நம் பெண்கள் போடுகிற மூக்குத்தியைக்கூட இவ்வளவு நறுவிசாகச் செய்து நான் பார்த்ததில்லை. நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா விளக்குமாற்றால் காலில் தட்டினால்தான் எழுந்திருப்பேன்.

பூ விரிந்தது. ஊதா.

கற்பூரக் கரி கட்டியிருந்த ஓட்டுத் துண்டை யாரோ நைசாகத் திருப்பிவைத்தார்கள். அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“பாத்துட்டியா? இப்ப இன்னா சொல்ற?”

சின்னம்மா கெஞ்சவில்லை, அழவும் இல்லை. “வெட்டிடலாம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க எத்தினியோ பேர காலி பண்ண வெச்சிக்கீறீங்க. புள்ளத்தாச்சி யாரையாவது காலி பண்ண வெச்சிக்கீறீங்களா?”

வீட்டுக்காரம்மாவுக்கு மூக்கு விடைத்தது. அவருடைய பெருமையே அதுதான். வாடகை பாக்கி வைத்தவர், குடித்துவிட்டுச் சண்டை போட்டவர் என்று பலரைச் சாமானோடு தெருவில் நிறுத்தியிருக்கிறார். ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவளைப் பெற்று எழுந்து தெம்பாகிற வரைக்கும் தொடமாட்டார்.

“எம் வம்சத்துல கெடையாது. ஏன் கேக்கற? நீ முழுகாம கீறியா?”

“நான் இல்லம்மா. இவங்க.” சின்னம்மா ஒரு இலையை மெள்ளத் திருப்பிக் காட்டினாள்.

வீட்டுக்காரம்மா குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். சிமிழ் தொங்கியது. வெயிலில் பொன் புள்ளிகள் மினுங்கின. பக்கத்து இலையிலும் ஒன்று. அதற்கும் பக்கத்தில் ஒன்று. ரொம்ப நேரம் நிமிரவேயில்லை. நிமிர்ந்தபோது குரல் பாதியாகிவிட்டிருந்தது.

“எல்லாம் வெளிய வந்து பறக்கற வரிக்கும்தான். அப்பால வெட்டிடணும். டபாய்க்கக் கூடாது.”

“சத்தியமாம்மா.”

சத்தியத்தை அவள் மீறவே இல்லை. சிமிழ்கள் உடைந்து, ஆரஞ்சு நிறத்தில், இறக்கை முனையில் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டாம்பூச்சிகள் வெளியே வந்தன. வந்ததுகள் கடல் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அந்தச் செடிக்கே திரும்பி வந்து முட்டை வைத்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்காரம்மா வருவார். “முடிஞ்சிதா?” சின்னம்மா இலையைத் திருப்பிக் காட்டுவாள். ஒன்று பறந்திருக்கும், ஒன்று தொங்கும், ஒன்று தின்னும், ஒன்று முட்டையாக இருக்கும். “தோ பாருங்கம்மா, இவளுக்கு இப்பதான் மாசம் ஆரம்பிச்சிக்கீது.” வீட்டுக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு போவார். அந்தச் செடியில் பிரசவம் முடிந்த வீடு என்று ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வேண்டுமே, அதற்கு மட்டும் வீட்டுக்காரம்மாவே வந்து பூக் கேட்டார். செடி ஆகாதாம், பூ ஆகுமாம். புழு இல்லாத கொத்தாகப் பார்த்துச் சின்னம்மாவே எடுத்துக் கொடுத்தாள்.

வெகுகாலம் நாங்கள் எல்லாரும் இதைச் சின்னம்மாவின் சாமர்த்தியமாகத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வீட்டுக்காரம்மாவை வாயாலேயே மடக்கிவிட்டாள் என்று. போன மாதம் மாத்தூர் எருக்கில் மொட்டு விட்டபோது கிட்டே போய்ப் பார்த்தேன். பூக்கிறதற்கு முன்னால், மொட்டாக இருக்கும்போதே ஊதா தெரிகிறது, தெளிவாக. கடலோரத்தில் பிறந்து, வருஷம் தவறாமல் பிள்ளையாருக்கு எருக்கு மாலை கட்டிய வீட்டுக்காரம்மாவுக்கு அது தெரியாதா? மொட்டு விட்ட பிறகும் தினமும் வந்து எல்லார் கண் முன்னாலும் கற்பூரம் ஏற்றினாரே, எதற்காக? அவர் மகன் அந்தச் சமயத்தில்தான் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டுவந்து மூலையை அளந்துகொண்டிருந்தார். கற்பூரம் எரிகிற இடத்தில் யார் கடப்பாரை போடுவார்கள்? யார் யாரை மடக்கியது என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. மத்தியானத்தில் நடை அடங்கிய பிறகு வீட்டுக்காரம்மா தனியாக வந்து பம்புக் கல்லில் உட்கார்ந்து அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை நாங்கள், செடியை எப்போது வெட்டலாம் என்று பார்க்கிற காவல் என்று நினைத்தோம்.

மழைக்கு முன்னால் ரூமை எழுப்பிவிட வேண்டும் என்று மகன் ஒரு நாள் காலையில் ஆளோடும் கடப்பாரையோடும் வந்தே விட்டார். சின்னம்மா காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். சின்னப்பாவும் இல்லை. அம்மா கையைப் பிசைந்துகொண்டு நடையில் நின்றாள். நான் ஓடிப்போய் மெத்தை வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரம்மா சமையல்கட்டு முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பலகை வேலியைத் தாண்டி, செடிக்கு முன்னால் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏந்திரிம்மா. வெயில் ஏர்றதுக்குள்ள தோண்டணும்.”

“தோண்ட முடியாது நைனா.”

“ஏன்? இன்னா பேஜாரு பண்ற? கேவலம் எருக்கஞ்செடி.”

“உள்ள பிரசவம் நடந்துகினு கீது. பொம்பளைங்க கீற எடத்துல ஆம்பளைங்களுக்கு இன்னா வேல? போங்கடா வெளிய!”

கடப்பாரைக்காரர்தான் முதலில் திரும்பி நடந்தார். பிரசவம் என்று கேட்டதும் அவருக்குக் கால் தானாகத் திரும்பிவிட்டது. மகன் தன் அம்மாவைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், நடையில் கூடிவிட்ட பெண்களைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு அவரும் போனார்.

வீட்டுக்காரம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இலைக்கு அடியில் ஒரு சிமிழ் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, உள்ளே மடித்து வைத்த ஆரஞ்சு தெரிந்தது. அது விரிசல் விட்டு, நனைந்த துணி மாதிரி ஒன்று தலைகீழாக வெளியே சரிந்தது. வீட்டுக்காரம்மா கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். வெயில் நேராக விழுந்தபோது தன் முந்தானையை அவிழ்த்து நிழல் பிடித்தார். சுருங்கிய இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து காய்கிற வரைக்கும் பிடித்த கையை இறக்கவில்லை.

சின்னம்மா ஷிப்ட் முடிந்து சந்துக்குள் நுழைந்ததுமே யாரோ சொல்லிவிட்டார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள், செடி நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்காரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முக்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“ஒண்ணு வந்திச்சிமே. பொண்ணாட்டந்தான் கீது. இன்னும் பாக்கி தொங்கிக்கினு கீது. நீ கொஞ்சம் குந்து, நான் போயி சோறு வடிச்சிட்டு வரேன்.”